பின்கட்டு போன பிறகு

நெல்லைச் சீமையின் கிறிஸ்தவ ஊர்களில், ஐம்பது வருடங்களுக்கு முன்பு, திருவிருந்து ஞாயிறு வந்தால் போதும். யார் யார் வீட்டுக்குத் தூரமாக, அதாவது மாதவிலக்காக, இருக்கிறார்கள் என்பது சபைக்கே தெரிந்துவிடும். பெண்கள் பக்கம் வரிசை வரிசையாக எழும்பி, பீடத்தண்டை போய் முழங்கால்படியிடும்போது ஒருத்தி மட்டும் பாயில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் இருப்பவள் அவளைத் தாண்டிப் போவாளே தவிர, ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டாள். உபதேசியார் தடுத்ததில்லை. போதகரான ஐயர் பிரசங்கத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. ஜெபப் புத்தகத்தில் அப்படி ஒரு விதியும் கிடையாது. ஆனாலும் "இந்த நேரத்தில் கர்த்தருடைய பந்திக்கு எப்படிப் போறது?" என்ற தயக்கம் அம்மாவிடமிருந்து மகளுக்கு, வேதபாடத்தைவிடப் பத்திரமாக வந்து சேர்ந்தது.

இன்று அதே கோயிலில் பாய்க்குப் பதில் பெஞ்சு வந்துவிட்டது. பாடகர் குழுவில் நிற்கிற கல்லூரிப் பெண் கைப்பையில் நாப்கினும் வலி மாத்திரையும் வைத்திருக்கிறாள். ஆராதனை முழுக்க நின்று பாடுகிறாள், பந்தியில் பங்கெடுக்கிறாள், முடிந்ததும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைக் கவனிக்க ஓடுகிறாள். முகம் வெளுத்திருக்கிறது. ஏன் என்று யாருக்கும் தெரியாது; தெரிந்துகொள்ள யாருக்கும் நேரமும் இல்லை.

இந்த இரண்டு பெண்களுக்கும் நடுவே நடந்ததை விடுதலை என்று சொல்கிறோம். விடுதலைதான், சந்தேகமே இல்லை. திரும்பிப் போகவேண்டும் என்று யாராவது சொன்னால் முதல் ஆளாக எதிர்ப்பேன். ஆனால் தீட்டைத் தூக்கி எறிந்தபோது அதோடு ஒட்டிக்கொண்டிருந்த ஓய்வையும் சேர்த்து எறிந்துவிட்டோம். எறிந்ததைத் திரும்பப் போய்ப் பொறுக்கி எடுக்க இன்னும் யாரும் குனியவில்லை.

தீட்டு நம் ஊர்ப் பழக்கம், சபைக்குள் அது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது எளிது. பாதி உண்மை. மீதிப் பாதி வேதாகமத்திலேயே இருக்கிறது. லேவியராகமம் 15ஆம் அதிகாரம் மாதவிலக்கான பெண்ணுக்கு ஏழு நாள் தீட்டு என்கிறது. அவள் படுத்த பாயும் உட்கார்ந்த மணையும் தீட்டு. அதே அதிகாரம் ஆணின் விந்து வெளிப்பட்டால் அவனும் குளிக்கவேண்டும், சாயங்காலம்வரை தீட்டு என்றும் சொல்கிறது. அந்த வசனத்துக்காக எந்த ஆணும் பந்திக்குப் போகாமல் பாயில் உட்கார்ந்திருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

சுவிசேஷத்தில் பன்னிரண்டு வருடமாய்ப் பெரும்பாட்டால், ஓயாத உதிரப்போக்கால், அவதிப்பட்ட பெண் கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிறாள். மாற்கு 5இல் இருக்கிறது. பழைய சட்டப்படி அவள் தொட்டவரெல்லாம் தீட்டு. அவரோ அவளை எல்லோர் முன்னும் மகளே என்று அழைத்துச் சமாதானத்தோடு அனுப்பிவைக்கிறார். இந்த ஒரு சம்பவத்தை வைத்தே சபை இரண்டு விதமாய்ப் பேசியிருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனிசியுஸ், அவள்கூட ஓரத்தைத்தானே தொட்டாள், ஆகவே மாதவிலக்கான பெண் பந்தியை நெருங்கக் கூடாது என்றார். 601ஆம் ஆண்டை ஒட்டி, இங்கிலாந்தில் ஊழியம் செய்த அகுஸ்தீனுக்குப் பாப்பரசர் முதலாம் கிரகோரி எழுதிய பதிலில் அதே பெண்ணைச் சாட்சிக்கு இழுத்து, அவள் தொட்டது சரியென்றால் மாதவிலக்கான பெண் கோயிலுக்குள் வருவதையும் நன்மை வாங்குவதையும் ஏன் தடுக்கவேண்டும் என்று கேட்டார். ஆனால் ஒரு சிறு இடுக்கை விட்டுவைத்தார்: பயபக்தியால் அவளாகவே ஒதுங்கிக்கொண்டால் அது மெச்சத்தக்கது என்றார். ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கும் மேல் கழித்து நம் ஊர்ப் பாயில் உட்கார்ந்திருந்தவள் அந்த இடுக்கில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளாகவே ஒதுங்கினாள் என்று சொல்லிவிட்டால் தடுத்த பழி யார்மேலும் விழாது.

நம் பக்கத்துக்கே வருவோம். 1704இல் பாப்பரசரின் தூதராக வந்த தூர்நோன் புதுச்சேரியில் ஒரு ஆணை பிறப்பித்தார். மதுரை மிஷன், கர்நாடக மிஷன் பகுதிக் கத்தோலிக்கர்கள் எந்தெந்த உள்ளூர் வழக்கங்களைக் கைவிடவேண்டும் என்பதற்கான பட்டியல் அது. பெண் வயதுக்கு வந்ததை ஊர் கூட்டிக் கொண்டாடக் கூடாது என்பது அதில் ஒன்று. மாதவிலக்கு நாட்களில் பெண்களைத் தேவாலயத்திலிருந்தும் திருவருட்சாதனங்களிலிருந்தும் விலக்கிவைக்கக் கூடாது என்பது இன்னொன்று. நாற்பது வருட வாக்குவாதத்துக்குப் பிறகு 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் இந்தச் சண்டையை முடித்துவைத்தார். சட்டப் புத்தகத்தில் விஷயம் முடிந்தது. ஊரில் முடியவில்லை. ரோமாபுரியில் முத்திரை குத்திய காகிதத்தைவிட மாமியார் பார்வைக்கு வலு அதிகம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

வீட்டுக்குள் அன்று எப்படி இருந்தது? பின்கட்டில் ஒரு பாய், தனித் தட்டு, தனிச் செம்பு. சமையலறைக்குள் போகக்கூடாது, ஊறுகாய் ஜாடியைத் தொடக்கூடாது. மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வரலாம். கிறிஸ்தவ வீடுகளில் இது கொஞ்சம் தளர்வாக இருந்தது. பல வீடுகளில் வேதபுத்தகத்தைத் தொடாமல், குடும்ப ஜெபத்தில் வாசலோரம் நின்று கலந்துகொள்வதோடு முடிந்தது. அந்த நாட்களில் உளுந்தங்களி உண்டு. உளுந்தை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் கிண்டி, நடுவில் குழி பண்ணி நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுப்பார்கள். இடுப்புக்குப் பலம் என்பார்கள். ஒதுக்கியும் வைத்தார்கள், ஊட்டியும் விட்டார்கள். இந்த இரண்டையும் ஒரே பெண்தான் செய்தாள், பெரும்பாலும் ஆச்சி.

அதற்காக அந்தக் காலப் பெண்ணுக்கு மாதம் மூன்று நாள் விடுமுறை இருந்தது என்று கற்பனை பண்ணிவிடக் கூடாது. பின்கட்டு இருந்தால்தானே பின்கட்டில் உட்காரலாம்? சாயர்புரம், நாசரேத், மெஞ்ஞானபுரம், இடையன்குடி என்று தேரிக்காட்டை ஒட்டிய ஊர்களில் சபைகளை நிரப்பியவை பனையேறிக் குடும்பங்கள். பங்குனி தொடங்கி ஆடி வரை பதநீர் காலம். ஆண் விடியலில் ஏறி இறக்கி வந்த பதநீரை அன்றன்றைக்கே காய்ச்சியாக வேண்டும், வைத்தால் புளித்துவிடும். காய்ச்சுவது பெண். காய்ந்த ஓலையும் பன்னாடையும் எரியும் அடுப்பின் முன்னால், வேனிலில், மணிக்கணக்காக நின்று துழாவி, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றவேண்டும். அவளுக்குத் தூரமும் கிடையாது, ஓய்வும் கிடையாது. மாற்று ஆள் இருந்த வீட்டில்தான் தீட்டு முழுசாக அனுசரிக்கப்பட்டது. ஆச்சி கிண்டிய களியின் கருப்பட்டியை, மூன்று நாள் உட்காரக் கொடுத்துவைக்காத இன்னொருத்தி காய்ச்சியிருந்தாள்.

இன்னொரு கணக்கையும் நாம் மறந்துவிடுகிறோம். பதினாறில் கல்யாணம், எட்டுப் பிரசவம், ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வருடம் தாய்ப்பால் என்று போன வாழ்க்கையில் மாதவிலக்கு வந்த மாதங்களே குறைவு. மாலி நாட்டு தோகோன் பெண்களிடையே வேலை செய்த மானுடவியலாளர் பெவர்லி ஸ்ட்ராஸ்மன், கருத்தடை இல்லாத அந்தச் சமூகத்தில் ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் ஏறக்குறைய 100 முறைதான் மாதவிலக்கு வருகிறது என்று காட்டினார். இன்று இரண்டு பிள்ளையோடு நிறுத்திக்கொள்ளும் நகரத்துப் பெண்ணுக்கு அது 400ஐத் தொடுகிறது. மாதம் தவறாமல் வரும் சுழற்சி என்பதே நம் தலைமுறை அனுபவம். ஆச்சியின் உடம்பு பெரும்பாலும் சுமந்துகொண்டிருந்தது, அல்லது பாலூட்டிக்கொண்டிருந்தது. இயற்கையோடு ஒத்து வாழ்ந்தார்கள் என்று நாம் உருகும்போது, அந்த இயற்கை எத்தனை பெண்களைப் பேறுகாலத்திலேயே கொண்டுபோனது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அந்தக் கணக்கை மாற்றியவர்களில் ஒருத்தி நம் ஊரிலேயே வேலை செய்தாள். 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக மிஷன் பங்களாவின் கதவைத் தட்டினார்கள். மூவர் மனைவிக்கும் பிரசவச் சிக்கல். அங்கிருந்த டாக்டர் ஆண். அவரைக் கூட்டிப் போக மூவருக்கும் சம்மதமில்லை. அவர் மகள் ஐடா ஸ்கடர் அப்போது மருத்துவம் படிக்காதவள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய் 1899இல் டாக்டராகி, வேலூரில் வந்து தொடங்கிய ஆஸ்பத்திரி வேலை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்ந்தது. தமிழ்நாட்டில் பெண்ணுடலைப் பற்றிக் கிறிஸ்தவம் சொன்ன மிகப் பெரிய வார்த்தை அந்த ஆஸ்பத்திரிதான் என்பேன். எந்தப் பிரசங்கமும் அதற்கு ஈடில்லை.

பின்கட்டை உடைத்ததில் ஆஸ்பத்திரிக்குச் சமமான பங்கு விடுதிப் பள்ளிக்கு உண்டு. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட், இடையன்குடியில் அவர் மகள் எலிசா கால்டுவெல் என்று மிஷனெரிப் பெண்கள் நடத்திய போர்டிங்கில் பெண்பிள்ளைகள் படித்தார்கள், லேஸ் பின்னினார்கள். போர்டிங்கில் நாள் முழுக்க மணிதான். எழும்ப மணி, ஜெபத்துக்கு மணி, சாப்பாட்டுக்கு மணி. எல்லோரும் ஒரே கூரையின் கீழே உண்டு உறங்கும் இடத்தில் யாரைத் தூரமாக வைப்பது? அங்கே வளர்ந்த பெண் டீச்சராக, நர்ஸாக வெளியே வந்தபோது வீட்டுப் பின்கட்டு அவளுக்கு வெறும் சாமான் அறை. இதற்கு நன்றி சொல்லவேண்டும். அதே சமயம், மணிக்கு உடம்பு தெரியாது. முதல் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கும் பிள்ளைக்கும் அதே மணிதான் அடித்தது. பள்ளியிலும் ஆபீசிலும் பின்பு அதுவே பெண்ணின் முறையாகிவிட்டது. சமம் என்று காட்டுவதற்கு, எதுவும் நடக்காததுபோல நடந்துகொள்ளவேண்டியிருந்தது.

பெண் வயதுக்கு வரும் சடங்கைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 1704இல் தடை செய்தது இன்று மண்டபத்தில் நடக்கிறது. ஐயரை அழைத்து ஜெபம் பண்ணி, 'பூப்புனித நன்னீராட்டு விழா' என்று ஃபிளெக்ஸ் வைத்து, அதில் ஒரு வசனத்தையும் அச்சடித்துவிட்டால் அது கிறிஸ்தவ விழா ஆகிவிடுகிறது. மேடையில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளையிடம் அவள் உடம்பில் என்ன நடக்கிறது என்று யாராவது சொன்னார்களா என்றால், பெரும்பாலும் இல்லை.

பேறுகாலத்துக்கு வேதமே ஒரு கணக்கு வைத்திருந்தது. லேவியராகமம் 12இன்படி ஆண் பிள்ளைக்கு 40 நாள், பெண் பிள்ளைக்கு 80 நாள். மரியாளும் அந்த நாட்கள் நிறைவேறிய பிறகுதான் எருசலேமுக்குப் போனாள். ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்கள் கொடுக்கும் இரண்டு பறவைகளைக் காணிக்கையாகக் கொடுத்தாள் என்று லூக்கா எழுதுகிறார். பிப்ரவரி 2ஆம் தேதி மெழுகுவர்த்தி மந்திரித்துக் கத்தோலிக்கர் கொண்டாடும் விழா அதன் நினைவுதான். ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தின் 1549ஆம் வருடப் பதிப்பில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கான ஆராதனைக்குச் சுத்திகரிப்பு என்று பெயர். மூன்றே வருடத்தில், 1552இல், அதை ஸ்தோத்திரம் என்று மாற்றினார்கள். அழுக்கைக் கழுவ வந்தவள், உயிரோடு பிழைத்ததற்கு நன்றி சொல்ல வந்தவளானாள். நம் ஊரிலும் நாற்பதாம் நாள் முதன்முதலாய்க் கோயிலுக்குப் போய், பிள்ளையைப் பீடத்தண்டை கொண்டுபோய், ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுத் திரும்பும் வழக்கம் உண்டு.

அந்த நாற்பது நாளும் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, பேறுகால மருந்து, வெந்நீர் குளியல். துணி துவைக்க ஒருத்தி, பிள்ளையைக் குளிப்பாட்ட ஒருத்தி. சோறும் தண்ணீரும் அளந்து கொடுத்த பத்தியக் கொடுமையும் அதில் இருந்தது, அதை மறைக்கவேண்டாம். இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். தாய் பிழைக்கிறாள், பிள்ளை பிழைக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 44.9 விழுக்காடு பிரசவங்கள் அறுவை மூலம். அதாவது பிள்ளை பெற்றவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் வயிற்றில் தையலோடு வீடு திரும்புகிறார்கள். முன்பைவிட அதிக ஓய்வு தேவைப்படும் உடம்பு, முன்பைவிடக் குறைந்த ஆட்கள் இருக்கும் வீட்டுக்குப் போகிறது. சட்டம் 2017இல் 26 வாரம் விடுப்பு என்றது. தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம். தீப்பெட்டி ஒட்டுபவளுக்கும் பீடி சுற்றுபவளுக்கும் வீட்டு வேலை செய்பவளுக்கும் நடைமுறையில் அப்படி விடுப்பு கிடைப்பது அரிது. பனையேறி வீட்டுக்காரியின் இடத்தில் இன்று அவர்கள் இருக்கிறார்கள்.

பெண்ணின் மாதக் கணக்கைப் படித்து அதன்படி தம்பதிகள் நடந்துகொள்ளலாம் என்ற எண்ணம் சபைக்குப் புதிதல்ல. ஜப்பானில் ஒகினோ, ஆஸ்திரியாவில் க்னாவுஸ் ஆகிய இரண்டு மருத்துவர்கள் 1920களில், கருமுட்டை அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு வெளிப்படுகிறது என்று தனித்தனியே கண்டுபிடித்தார்கள். பிள்ளை தங்கும் நாள், தங்காத நாள் என்று பிரிக்க முடிந்தது. செயற்கைக் கருத்தடையை ஏற்காத கத்தோலிக்கத் திருச்சபை இந்த வழியை ஏற்றுக்கொண்டது. 1968இல் ஆறாம் சின்னப்பரின் சுற்றுமடல் அதை உறுதிசெய்தது. மெல்போர்னில் ஜான் பில்லிங்ஸ், ஈவ்லின் பில்லிங்ஸ் என்ற கத்தோலிக்க மருத்துவத் தம்பதியர் காலண்டரை விட்டுவிட்டு, உடம்பில் தோன்றும் அடையாளங்களையே பெண் தினமும் கவனித்துக் குறிக்கும் முறையை வகுத்தார்கள். அன்னை தெரசாவின் சபைச் சகோதரிகள் கல்கத்தாச் சேரிகளில் இயற்கைக் குடும்பக் கட்டுப்பாட்டைச் சொல்லிக்கொடுத்தார்கள். 1979இல் நோபல் உரையில் அவர் அதைப் பெருமையாகச் சொன்னார்.

இந்திய அரசே ஒருகாலத்தில் இந்த வழியில் போனது என்பது பலருக்குத் தெரியாது. முதல் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் கிறிஸ்தவர், காந்தியின் சிஷ்யை. கருத்தடைச் சாதனங்களில் அவருக்கு நம்பிக்கை இல்லை. 1951இல் உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக ஆபிரகாம் ஸ்டோன் என்ற அமெரிக்க மருத்துவர் வந்தார். டெல்லி லோதி காலனியிலும் மைசூர் ராஜ்யத்து ராமநகரத்திலும் மாதக் கணக்கு முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். எண்ணத் தெரியாத பெண்களுக்காக மணிமாலை கொடுத்தார்கள். பச்சை மணி பயமில்லாத நாள், சிவப்பு மணி விலகியிருக்கவேண்டிய நாள், தினம் ஒரு மணியைத் தள்ளவேண்டும். திட்டம் எடுபடவில்லை. இருட்டில் நிறம் தெரியவில்லை, மாலையைப் போட்டிருந்தாலே போதும் என்று நினைத்தார்கள் என்றெல்லாம் கதை சொல்வார்கள். சிரிப்பதும் பெண்ணைப் பார்த்துத்தான். மணி சிவப்பாக இருந்த ராத்திரியில் கணவன் விலகியிருந்தானா என்று கேட்டவர் குறைவு. இன்று தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் பெண்ணுக்குச் செய்யும் அறுவை. அதே குடும்பநலக் கணக்கெடுப்பில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆண்களின் பங்கு 1 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

மணிமாலை போய் ஆப் வந்துவிட்டது. முன்பு தினசரிக் காலண்டர் தாளில் அம்மா ஒரு புள்ளி வைப்பாள். மாமியார் வந்து அந்தப் புள்ளியை எண்ணிவிட்டு, "என்ன, நாள் தள்ளியிருக்கா?" என்பாள். இப்போது எண்ணுவது கம்பெனி. ஃப்ளோ என்ற ஆப் பெண்களின் சுழற்சித் தகவல்களை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களோடு பகிர்ந்துகொண்டதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் கொண்டுவந்த வழக்கு 2021இல் சமரசத்தில் முடிந்தது. மாமியார் அடுத்த வீட்டோடு நிறுத்திக்கொண்டாள்.

இப்போது படித்த கிறிஸ்தவப் பெண்களிடையே புதிய பேச்சு ஒன்று கைப்பேசி வழியாகப் பரவுகிறது. மாதச் சுழற்சி நான்கு பருவங்களாம்: மாதவிலக்கு குளிர்காலம், அடுத்தது வசந்தம், கருமுட்டை நாட்கள் கோடை, பிறகு இலையுதிர்காலம். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு சாப்பாடு, ஒரு உடற்பயிற்சி, ஒரு ஜெபமுறை. பிரசங்கி 3ஆம் அதிகாரத்தை மேலே போட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் புத்தகமாகவும் பாடமாகவும் விற்பது இங்கே ரீல்ஸாக வருகிறது. இலையுதிர்காலம் என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்திராத தூத்துக்குடிப் பெண்ணும் தான் இலையுதிர்காலத்தில் இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறாள்.

இதில் நல்லது உண்டு. உடம்பு இயந்திரம் கிடையாது, ஒரு வாரம் ஓடும், ஒரு வாரம் தளரும், அதைப் படைத்தவர் அறிவார் என்று ஒரு பெண் வெட்கமில்லாமல் சொல்ல முடிகிறதே, அதற்காக இந்தப் பேச்சை வரவேற்கலாம். ஆனால் இந்த வாரம் இந்த விதையைத் தின்னு, அந்த வாரம் அந்த வேலையைச் செய் என்பதற்கெல்லாம் உறுதியான ஆதாரம் இல்லை. 2019இல் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளை ஆராய்ந்த ஒரு ஆய்வில் மிகச் சரியாக 28 நாளில் முடிந்தவை 13 விழுக்காடுதான். அட்டவணைக்கு ஒத்துவராத உடம்புதான் பெரும்பான்மை. பழைய தீட்டு எதைத் தொடாதே என்று பட்டியல் போட்டது. புதிய ஞானம் எதைத் தின்னு என்று பட்டியல் போடுகிறது. பட்டியலைக் கடைப்பிடிக்கும் வேலையும் அவளுக்கே கூடுகிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. அவர்களுக்கு முதலில் தேவை இரும்புச்சத்தும் தூக்கமும்.

ஓய்வுக்குக் கிறிஸ்தவத்தில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. அது லேவியராகமத்துத் தீட்டுக்கு முன்பே, படைப்பின் ஏழாம் நாளில் இருக்கிறது. தேவன் அழுக்கானதால் ஓய்ந்திருக்கவில்லை. வேலை முடிந்தது, நன்றாயிருந்தது, ஓய்ந்தார். யாரும் தீட்டாகாமலேயே வேலையை நிறுத்தலாம் என்பதற்கு அதைவிடப் பெரிய அனுமதி வேண்டுமா? ஆனால் யாத்திராகமம் 20இல் ஓய்வுநாளில் யார் யார் வேலை செய்யக் கூடாது என்ற வரிசையைப் படித்துப் பாருங்கள். நீ, மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், அந்நியன். மனைவி பெயர் அதில் தனியாக இல்லை. நம் வீடுகள் அந்த விடுபடலை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கின்றன. ஞாயிறு என்றால் கறிக்குழம்பு. நாலரைக்கு எழும்பி மசாலா அரைத்துவிட்டு, ஒன்பது மணி ஆராதனைக்கு ஓடி, திரும்பிவந்து சோறு வடிப்பவள் யார்? வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் முக்காலே மூன்று வீசம் பெண்கள்தான். மாதவிலக்கின் இரண்டாம் நாள், ரத்தசோகையோடு, தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம். எலியா சோர்ந்துபோய்ச் சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று கிடந்தபோது தூதன் உபவாசம் இருக்கச் சொல்லவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து, திரும்பவும் தூங்கவிட்டான்.

மாதவிலக்கு நின்ற பிறகான பருவத்துக்குச் சபை ஒருகாலத்தில் நல்ல வேலை வைத்திருந்தது. ஊர் ஊராய்ப் போய், வீட்டுக்குள்ளிருந்த பெண்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்து வேதம் சொன்ன பைபிள் உமன்களில் நிறையப் பேர் வயதான விதவைகள். தனியாக நடந்து போகவும், எந்த வீட்டுக்குள்ளும் நுழையவும், பேசவும் வயதே அவர்களுக்குச் சீட்டு. அறுபது வயதுக்குக் குறையாத விதவைகளைச் சபை பதிவு செய்யட்டும் என்று தீமோத்தேயுவுக்கும், முதிர்வயதுப் பெண்கள் இளம்பெண்களுக்குப் படித்துக்கொடுக்கட்டும் என்று தீத்துவுக்கும் எழுதப்பட்ட நிருபங்களின் நேரடி வாரிசுகள் அவர்கள். இன்று ஐம்பதைத் தொட்ட பெண் பிரசங்கத்தின் நடுவே உடம்பு தகித்து வேர்த்து ஊற்ற, ஸ்திரீகள் சங்கப் புத்தகத்தால் விசிறிக்கொள்கிறாள். ராத்திரித் தூக்கம் இல்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது. விசுவாசக் குறைவோ என்று பயந்து இன்னொரு உபவாசம் எடுக்கிறாள். அதைக் கடந்து வந்த ஐயரம்மா ஒருத்தி சங்கக் கூட்டத்தில் எழுந்து, இது இப்படித்தான் இருக்கும் என்று பத்து நிமிஷம் பேசினால் பாதிப் பயம் போய்விடும்.

பின்கட்டு வேண்டாம். களியும் பாயும் வேண்டும். அதற்குச் சபைகள் செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. பெரும்பாட்டுள்ள பெண்ணின் கதையை, அவள் நோய் என்ன என்று மழுப்பாமல், வருடத்துக்கு ஒருமுறையாவது பிரசங்கியுங்கள், ஆண்களும் கேட்கட்டும். திடப்படுத்தல் வகுப்பிலும் புதுநன்மை வகுப்பிலும் ஒரு நர்ஸை அழைத்துப் பையன்களையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். பாடகர் குழுப் பெண்ணுக்கு உட்கார நாற்காலி போடுங்கள், காரணம் கேட்காதீர்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்கு நாற்பது நாளும் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுபோகச் சங்கத்துக்கு ஆள் இருக்கிறது. மாதம் இரண்டு நாள் விடுப்பைப் பிகார் அரசு 1992 முதல் தன் பெண் ஊழியருக்குக் கொடுத்துவருகிறது. நூற்றுக்கணக்கான பள்ளிகளையும் ஆஸ்பத்திரிகளையும் பெண்களை வைத்தே நடத்தும் திருமண்டலங்களும் மறைமாவட்டங்களும் இன்னும் ஏன் யோசிக்கின்றன?

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்று. உங்கள் கோயிலின் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, நாப்கின் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா? அசனத்துக்கும் கன்வென்ஷனுக்கும் ஆயிரக்கணக்கில் ஆள் கூடும் வளாகத்தில் பெண்களுக்கு இரண்டு அறை போதுமா? கோபுரத்துக்கு நிதி திரட்டும் தீர்மானத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்து, அடுத்த சேகரக் கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுங்கள். கமிட்டியில் பெண்களே இல்லையென்றால், அந்தக் குறையைத் தீர்க்கும் தீர்மானத்தை அதற்கும் முன்னால் போடுங்கள்.